பொள்ளாச்சி–பாலக்காடு சைக்கிள் தடம் போட பி-ரவுட்டர்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான். கோபாலபுரம் செக்போஸ்ட், வண்ணாமடை, கொழிஞ்சாம்பாறை என்று காருக்கு ஒரே ரோடு போதும். சைக்கிளுக்குப் போதாது. தேங்காய் மட்டை லாரி, விடியற்காலையில் சித்தூர்த் தோப்புகளிலிருந்து கள்ளு ஏற்றிக்கொண்டு பறக்கும் பிக்கப், முதலமடை மாங்காய் சீசன் வந்தால் கூடவே மினி லாரி. ஓரத்தில் ஒதுங்கலாம் என்றால் தார் முடியும் இடத்தில் அரையடிப் பள்ளம்.

ஆனால் அந்த ரோட்டை ஒட்டி, தோப்புகளுக்குள்ளே ஊர் ரோடுகள் ஓடுகின்றன. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரைகள் இருக்கின்றன, கிளுவை வேலிக்கு நடுவே பழைய இட்டேரிகள் இருக்கின்றன. இவற்றைக் கோத்து ஒரு தடமாக்கி, இரண்டு மாநிலத்து ஊராட்சிகளிடமும் கொண்டுபோய் வைக்க விரும்பும் சைக்கிள் குழுக்களுக்காகத்தான் இந்த விமர்சனம். வரைபடத்தில் வழி கண்டுபிடித்துத் தரும் கருவி, பெயர் பி-ரவுட்டர். காசு கிடையாது, மூலநிரல் திறந்தது, சைக்கிளை மனதில் வைத்தே எழுதப்பட்டது. கம்ப்யூட்டரில் பிரவுசரிலேயே திறந்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டு போனில் வரைபடக் கோப்பை இறக்கி வைத்துக்கொண்டால் டவர் இல்லாத இடத்திலும் வழி போடும்.

முதலில் மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. கூகுள் மேப்ஸின் டூ-வீலர் முறை 2017 டிசம்பரில் இந்தியாவில் வந்தது. அது மோட்டார் சைக்கிளுக்கானது. வேகமாகப் போய்ச் சேர்வது அதன் நோக்கம், லாரியிடமிருந்து விலகிப் போவது அல்ல. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலியில் பதிவான பயணங்களைக் கூட்டிக் காட்டும் ஹீட்மேப் பார்க்க அழகு. ஆனால் அதில் பளிச்சென்று தெரிவது ஞாயிறு காலை ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிறவர்களின் தடம். விலையில்லா மிதிவண்டியில் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், செங்கல் சூளைக்குப் போகும் ஆட்களும் ஸ்ட்ராவா போட்டுக்கொண்டு மிதிப்பதில்லை. பாதுகாப்பான ரோடு யாருக்கு முதலில் வேண்டுமோ அவர்கள் அந்தப் படத்தில் இல்லை. அதை மட்டும் நம்பித் தடம் போட்டால், தடம் மறுபடியும் ஹைவேயிலேயே வந்து விழும்.

பி-ரவுட்டர் யோசிக்கும் விதம் வேறு. ஒவ்வொரு ரோட்டுக்கும் அது ஒரு செலவு போடுகிறது. நல்ல ஊர் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் போனால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கணக்கு வைக்கும். பெரிய ரோடு என்றால் அதே ஒரு கிலோமீட்டரைப் பல கிலோமீட்டராக எண்ணும். மொத்தச் செலவு எதில் குறைகிறதோ அதுதான் அது காட்டும் வழி. இந்த விலைப்பட்டியலுக்கு புரொஃபைல் என்று பெயர். திறந்து படிக்கலாம், எண்களை மாற்றவும் செய்யலாம். வழக்கமாக வருவது 'டிரெக்கிங்' புரொஃபைல். அதில் ஆபத்தான ரோடுகளைத் தவிர்க்கச் சொல்லும் 'அவாய்ட் அன்சேஃப்' என்ற ஒரு சுவிட்ச், வரும்போது அணைந்தே இருக்கும். தடம் திட்டமிடுகிறவர்கள் முதல் வேலையாக அதைப் போட்டுவிட்டு, போடாமல் வந்த வழியையும் போட்டு வந்த வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் எங்கே பிரிகின்றன, எந்த இடத்தில் வேறு கதியில்லாமல் பெரிய ரோட்டிலேயே சேர்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். சேரும் அந்த இடங்கள்தான் அரசிடம் கேட்க வேண்டிய இடங்கள். மீதித் தூரத்துக்குப் பெரும்பாலும் ஒரு திசைப்பலகையே போதும்.

இடத்தைத் தேடும்போது எச்சரிக்கை. 'சித்தூர்' என்று அடித்தால் ஆந்திரத்துச் சித்தூருக்கு இழுத்துக்கொண்டு போகலாம். 'கோபாலபுரம்' என்றால் சென்னை. மீனாட்சிபுரங்களுக்குக் கணக்கே இல்லை. பெயரை நம்பாமல் வரைபடத்தைப் பெரிதாக்கிப் புள்ளியைக் கையால் வையுங்கள். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து பாலக்காடு கோட்டை வரை ஒரு தடவை சும்மா போட்டுப் பாருங்கள். பிறகு கோபாலபுரம் வழி ஒன்று, மீனாட்சிபுரம்–வண்டித்தாவளம்–தத்தமங்கலம் வழி ஒன்று, வடக்கே நடுப்புணி வழி ஒன்று என்று இடைப்புள்ளி வைத்து மூன்று வழி எடுக்கலாம். மாற்று வழி கேட்கும் வசதியும் உண்டு, மூன்று மாற்று வரை தரும். மீனாட்சிபுரம் வழிக்கு ஒரு கூடுதல் பலன்: ரயில் பாதை கிட்டத்திலேயே வருகிறது. நடுவழியில் வண்டி மக்கர் செய்தால் மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு, புதுநகரம் என்று ஸ்டேஷன்கள் இருக்கின்றன.

வழியை வரைவது இதில் பாதி வேலைதான். பக்கவாட்டில் 'டேட்டா' என்றொரு அட்டவணை இருக்கிறது, அதைத் திறக்காதவர்கள் இந்தக் கருவியின் மீதிப் பாதியைப் பார்க்கவே இல்லை. வழியின் ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை மீட்டர், கிலோமீட்டருக்கு என்ன செலவு, ஏற்றத்துக்கு என்ன, ரோட்டின் மேல் என்னென்ன குறிப்பு எழுதியிருக்கிறது என்று வரிவரியாக வரும். 'ஏன் இந்தச் சந்துக்குள் தள்ளிவிட்டது?' என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கும். பெரும்பாலான செயலிகள் தங்கள் கணக்கை இப்படித் திறந்து காட்டுவதில்லை. எங்கள் மதிப்பெண்ணில் பெரும்பகுதி இதற்குத்தான்.

அந்த அட்டவணையைப் படிக்கப் பழகினால் கருவியின் பெரிய குறையும் அங்கேயே தெரிந்துவிடும். பி-ரவுட்டருக்குச் சொந்த அறிவு கிடையாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் தன்னார்வலர்கள் எழுதி வைத்ததுதான் அதற்குத் தெரியும். அங்கே ஒரு ரோட்டுக்கு 'சர்ஃபேஸ்', அதாவது தளம் எது என்ற குறிப்பு இல்லையென்றால், டிரெக்கிங் புரொஃபைல் அதை மண் ரோடாக எண்ணுவதில்லை. அதாவது யாரும் எழுதாத ஜல்லி ரோடு கணக்கில் தார் ரோடாகிவிடும். அதேபோல, ஒரே ரோட்டை எல்லைக்கு இந்தப்பக்கம் ஒருவர் ஒரு வகையிலும் அந்தப்பக்கம் இன்னொருவர் வேறு வகையிலும் போட்டிருந்தால், செக்போஸ்ட்டைத் தாண்டியதும் செலவு திடீரென்று ஏறும் அல்லது இறங்கும். வழி காரணமில்லாமல் எல்லையில் வளைந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே வரிசை இப்படி: பி-ரவுட்டரில் வழி போடு, அட்டவணையில் சர்ஃபேஸ் விடுபட்ட துண்டுகளைப் பொறுக்கு, அந்தத் துண்டுகளுக்கு மட்டும் நேரில் போ. 45 கிலோமீட்டரையும் அளந்துகொண்டிருக்க வேண்டாம். நேரில் போகிறவர் போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி இருந்தால் போதும். நிற்கும் இடத்தைப் பார்த்து அதுவே கேள்வி கேட்கும்: இது தாரா, காங்கிரீட்டா, மண்ணா? வழவழப்பு எப்படி? தெருவிளக்கு உண்டா? பதிலைத் தொட்டால் வரைபடத்துக்குப் போய்விடும். அதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்கு மட்டும் வேண்டும்.

மண் தடங்களில்தான் தடுமாற்றம். வரைபடத்தில் தடத்துக்கு 'கிரேடு 1' முதல் 'கிரேடு 5' வரை தரம் உண்டு. கெட்டியான தளம் 1, முழுக்க மெத்து மண் 5. பொள்ளாச்சிப் பக்கச் செம்மண் இட்டேரிக்கு 2 அல்லது 3 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கம் போனால் கரிசல். பிப்ரவரியில் கல்லுப்போல் இருக்கும் அதே தடம் ஐப்பசி மழையில் டயரை விடாது. மண் உருண்டு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பி, பிரேக் கட்டையில் ஏறி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்தால் இருபது அடிக்கு மறுபடியும் அதே கதை. ஒரு தடத்துக்கு இரண்டு தரம் எழுத வழியில்லை என்பதால் மோசமான மாதத்தின் தரத்தைத்தான் எழுத வேண்டும். கோடையில் சர்வே எடுத்து எல்லாவற்றுக்கும் 2 போட்ட வரைபடம் அக்டோபரில் பொய் சொல்லும்.

தரைப்பாலங்களுக்கும் இதே பேச்சுதான். ஆழியாற்றுக் கிளைகளிலும் சித்தூர்ப்புழையிலும் தண்ணீர் வந்தால் மூழ்கும் பாலங்களை பி-ரவுட்டர் சாதாரண ரோடாகத்தான் பார்க்கும். இங்கே 'நோ-கோ' வசதி கைகொடுக்கிறது. வரைபடத்தில் ஒரு வட்டம் வரைந்தால் வழி அதைச் சுற்றிக்கொண்டு போகும். மழைக்காலத் தடம், கோடைத் தடம் என்று இரண்டு இணைப்பாகச் சேமித்து வாட்ஸப்பில் போட்டுவிடலாம். வட்டமும் அந்த இணைப்பிலேயே போய்விடும், வாங்குகிறவர் புதிதாக வரைய வேண்டாம்.

ஏற்றக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. டிரெக்கிங் புரொஃபைல் 1.5 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவையே செலவாக எடுத்துக்கொள்ளும். பொள்ளாச்சி ஏறத்தாழ 290 மீட்டர் உயரம், பாலக்காடு 80 சொச்சம். 45 கிலோமீட்டரில் 210 மீட்டர் இறக்கம் என்றால் சராசரி அரை சதவீதம்கூட வராது. ஆகவே இந்தத் தடத்தில் உயரம் வழியை மாற்றாது. மாற்ற வேண்டியது காற்று, அதைப் பற்றி இந்தக் கருவிக்கு ஒன்றுமே தெரியாது. பாலக்காட்டுக் கணவாயின் குணம் ஊரறிந்தது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்று பொள்ளாச்சிக்காரரை முகத்தில் அறையும். மார்கழி, தையில் கிழக்குக் காற்று அவர் முதுகில் கைவைத்துத் தள்ளும். பி-ரவுட்டர் சொல்லும் பயண நேரம் 90 கிலோ மொத்த எடை, 100 வாட் மிதி, காற்றே இல்லாத நாள் என்ற கணக்கில் வருவது. எடையையும் வாட்டையும் புரொஃபைலில் மாற்றிக்கொள்ளலாம், ஆடிக் காற்றை மாற்ற முடியாது. குழுவாகப் போகும் நாளைக் குறிக்கும்போது அந்த நேரத்தை நம்பி டீக்கடையில் இருபது பேருக்குச் சொல்லி வைக்காதீர்கள்.

வால்பாறைப் பக்கம் கதை மாறும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். உயரத் தகவல் 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த ரேடார் அளவையிலிருந்து வருகிறது. செங்குத்துச் சரிவில் ரோடு ஒரு கட்டத்தில், அளந்த புள்ளி அடுத்த கட்டத்தில் என்று ஆகும்போது, இல்லாத ஏற்ற இறக்கமெல்லாம் சேர்ந்துகொள்ளும். பி-ரவுட்டர் அதில் ஓரளவு வடிகட்டித் தருகிறது, அப்படியும் மொத்த ஏற்றத்தைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்டுத் தடங்களை இதை நம்பிப் போடவே கூடாது. பரம்பிக்குளம் கேரளத்தில்தான் இருக்கிறது, போவதற்குச் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போக வேண்டும். வனத்துறைத் தடங்களுக்கு 'அனுமதி இல்லை' என்ற குறிப்பு வரைபடத்தில் விடுபட்டிருந்தால், பி-ரவுட்டர் புலிக்காட்டு நடுவே ஜம்மென்று கோடு இழுக்கும். வால்பாறை–மளுக்கப்பாறை–சாலக்குடி ரோட்டில் செக்போஸ்ட்களில் நேரக் கட்டுப்பாடு உண்டு, அதுவும் இதற்குத் தெரியாது.

போனில் வைத்துக்கொள்பவர்களுக்கு: வரைபடம் 5 பாகைக்கு 5 பாகை சதுரங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. பொள்ளாச்சி, பாலக்காடு, வால்பாறை, மூணாறு எல்லாம் 'இ75_என்10' என்ற கோப்பில் அடங்கும். கம்பம், குமுளி, செங்கோட்டை, களியக்காவிளை 10-ஆம் அட்சரேகைக்குத் தெற்கே இருப்பதால் 'இ75_என்5' வேண்டும். போடிக்காரர்கள் கோட்டின் மேலேயே குடியிருக்கிறார்கள், இரண்டையும் இறக்கிக்கொள்வது நல்லது. இந்தச் செயலிக்குத் தனியாக அழகான திரை கிடையாது. ஆஸ்மாண்ட் போன்ற வரைபடச் செயலியோடு இணைத்தே ஓட்ட வேண்டும், முதல் தடவை இணைப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆப்பிள் போன்காரர்கள் வழியை ஜி.பி.எக்ஸ். என்ற வழித்தடக் கோப்பாக எடுத்து வேறு செயலியில் போட்டுக்கொள்ளட்டும்.

தடம் தயாரானதும் அதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே 'சைக்கிள் ரூட்' என்று ஏற்றிவிடும் ஆசை வரும். வேண்டாம். களத்தில் உண்மையாக இருப்பதைத்தான் அங்கே எழுத வேண்டும் என்பது விதி. பலகை வைக்காத, யாரும் அறிவிக்காத ஆசைத் தடத்தை ஏற்றினால் மற்ற தன்னார்வலர்கள் அழித்துவிடுவார்கள், அழிப்பதும் நியாயம். முன்மொழிவுகளை வரைய, வரைபடத்தின் மேல் சொந்தமாகக் கோடும் குறிப்பும் போட உதவும் யுமேப் தளம் இருக்கிறது. பி-ரவுட்டரிலிருந்து ஜி.பி.எக்ஸ். எடுத்து அதில் போட்டு, பள்ளிக்கூடம், பஞ்சர் கடை, குடிதண்ணீர்க் குழாய், ஆபத்தான திருப்பம் எல்லாவற்றையும் மேலே குத்திவிடலாம்.

அதிகாரிகளிடம் போகும்போது ஜி.பி.எக்ஸ். கோப்பால் ஒரு பயனும் இல்லை. உதவிப் பொறியாளருக்கு வேண்டியது, எந்த ரோடு, எத்தனையாவது கிலோமீட்டரில் என்ன குறை என்ற ஒரு பக்க அட்டவணை. பி-ரவுட்டர் அட்டவணையை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கித் தரும் வசதி அதற்கு நல்ல அடித்தளம், மூன்று பொறிகளைத் தாண்டினால். கட்டங்கள் கமாவால் பிரிக்கப்படாமல் டேபால் பிரிக்கப்பட்டிருக்கும், எக்செல் கேட்கும்போது அதைச் சொல்ல வேண்டும். அட்ச, தீர்க்கரேகைகள் புள்ளியில்லாத நீண்ட எண்ணாக வரும், 10 லட்சத்தால் வகுத்தால்தான் சரியான இடம் கிடைக்கும். தூரம் துண்டுக்குத் துண்டு தனியாக இருக்கும், நீங்கள்தான் கூட்டிக்கொண்டே வர வேண்டும். அப்படிக் கூட்டியது உங்கள் தடத்தின் தூரம். நெடுஞ்சாலைத் துறையின் கிலோமீட்டர் கல்லோடு அது பொருந்தாது, ஆகவே பக்கத்துக் கல்லின் எண்ணையும் போட்டோவோடு சேர்த்துவிடுங்கள்.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் எல்லைத் தடங்கள் சிக்கிக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கேரளத்தில் வார்டுக்கு ஒரு கிராம சபை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். ஆக, அந்தப்பக்கம் தடம் நான்கு வார்டுகளைத் தொட்டால் நான்கு சபைகளில் பேச வேண்டும். வழியை வார்டு எல்லைப்படி வெட்டித் தனித்தனி இணைப்பாக வைத்துக்கொள்வது உத்தமம். மாநில நெடுஞ்சாலைத் துண்டு என்றால் இங்கே நெடுஞ்சாலைத் துறை, அங்கே பொதுமராமத்து. வாய்க்கால் கரை நீர்வளத் துறையின் சொத்து, ஊராட்சித் தீர்மானம் மட்டும் வைத்துக்கொண்டு அங்கே பலகை நட முடியாது.

கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். 'வேகத்தடை வேண்டும்' என்று எழுதினால் ஒரு முழ அகலத்தில் திண்ணை கட்டிவிட்டுப் போவார்கள், சைக்கிளில் கேரியர் சுமையோடு போகிறவர் இடுப்பு ஒடியும். ரோடுகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய ரோடு காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டியில் இருக்கும் வட்ட வடிவ வேகத்தடையின் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம். அந்த எண்களோடு மனு எழுதுங்கள். தார் மேல் தார் போட்டு உயர்ந்த ரோட்டுக்கு ஓரத்தில் கிராவல் நிரப்பித் தார் மட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். செலவு குறைவு, சைக்கிளுக்குப் பலன் அதிகம். கேரளப் பக்கம் ஓடை மேல் போட்ட சிலாப்புகளுக்கு இடையே நீளவாக்கில் சந்து இருந்தால் தனியாகப் படம் எடுங்கள். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை ஒட்டிய இடைவெளி சுமார் 5 சென்டிமீட்டர், ரோடு சைக்கிளின் டயர் 25 முதல் 32 மில்லிமீட்டர். ரோடு சாய்வாகக் கடக்கும் கேட்டில் டயர் அதற்குள் இறங்கினால் ஆள் விழுவது நிச்சயம். நேராகக் கடக்க இடம் விட்டு ஓரத்தை அகலப்படுத்தக் கேட்கலாம். இவை எதையும் பி-ரவுட்டர் கண்டுபிடித்துத் தராது, கண்ணால் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

தடம் திட்டமிடும் குழுவுக்கு இந்தக் கருவி ஐந்துக்கு நான்கு. ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று மட்டும் தேடுகிறவருக்கு ஐந்துக்கு இரண்டுதான். அவருக்கு அட்டவணையும் புரொஃபைலும் தலைவலி. குழுவில் ஒருவராவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நான்கும் இரண்டாக இறங்கிவிடும். திருத்தியது பி-ரவுட்டரில் உடனே தெரியாது, அதன் வழிக்கோப்புகள் புதுப்பிக்கப்பட்ட பிறகுதான் வரும். சபைக்குக் கொண்டுபோகும் படத்தை அச்சடிப்பதற்கு முன், திருத்திய துண்டுகள் அட்டவணையில் மாறிவிட்டனவா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.